வண்டி என்னங்க சொல்லுது, தம்பி?

இன்றைக்கு ரேஸ் வண்டிக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எந்த வளைவில் எவ்வளவு பிரேக் பிடித்தார், எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை விட்டார் என்று எல்லாமே பதிவாகிவிடும். நான் வேலை பார்த்த 1980-களின் கடைசியிலும் 90-களின் முதல் பாதியிலும் எங்களிடம் இருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச், காற்று பார்க்கும் கேஜ், நூல்கண்டு, ஸ்பேனர் செட். மற்றதெல்லாம் ஓட்டிவிட்டு வருகிறவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அந்தக் கால டிரைவர்களை நினைத்தால், அவர்கள் ஓட்டிய வேகத்தைவிட, இறங்கி வந்து பேசிய பேச்சுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெல்பராகச் சேர்ந்தேன். பகலெல்லாம் அம்பாசிடர், ஃபியட் எஞ்சின்களுக்கு போரிங், வால்வு கிரைண்டிங். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரேஸ் வண்டி வேலை. அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. ரேஸுக்குப் போகிற நாளில் பேட்டாவும் சாப்பாடும் கிடைக்கும். முதலாளிக்கும் அதில் பெரிய வரும்படி இல்லை, ஆசைதான். மேஸ்திரிக்கு ஆசையைவிட ஒரு படி மேல். அவர் சோழவரத்தில் வேலை பார்த்தவர்.

சோழவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைத்தான் ரேஸ் களமாக்கியது. ரேஸுக்கென்று போட்ட ரோடு இல்லை, விமானம் இறங்கப் போட்ட தளம். நேர்பாதை நீளமாக இருக்கும், வளைவு அதன் முனையில் திடீரென்று வரும். ரேஸ் நாளில் சென்னையே திரண்டு வரும் என்பார் மேஸ்திரி. குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்தவர் வெளிநாட்டு வண்டி கொண்டுவந்து ஓட்டியதும், 80-களில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியை அங்கே ஓட்டியதும் ஊரறிந்த கதைகள். மேஸ்திரி அந்த வண்டிகளைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எஞ்சின்களை எடுத்து, குழாய் வளைத்து ஃபிரேம் கட்டி, சக்கரம் நாலும் வெளியே தெரிய ஒற்றை இருக்கை வண்டி செய்து ஓட்டியவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். அன்றைக்கு இறக்குமதிக்கு வரி எக்கச்சக்கம். வேண்டிய பார்ட்டை வாங்க முடியாது, லேத்தில் கடைந்துகொள்ள வேண்டியதுதான். அதைச் செய்து காட்டியவர்களிடம் அவருக்குத் தனி மரியாதை.

அந்த வரிசையில் வந்தவர் எங்கள் ஊர் கரிவர்தன். மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்து அவர் வடிவமைத்த வண்டிதான் ஃபார்முலா மாருதி. கடையில் வாங்கக்கூடிய எஞ்சின், ஊரிலேயே செய்த ஃபிரேம், எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. அரச குடும்பமும் பெரிய முதலாளிகளும் மட்டும் இறங்க முடிந்த ஒரு விளையாட்டுக்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மகனும் இறங்க முடிந்தது அந்த வண்டியால்தான். 1995-ல் விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தெருவில் பல பட்டறைகளில் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை. இந்த நாட்டு மோட்டார் ரேஸுக்கு அவரைப்போல் செய்தவர் இன்னொருவர் இல்லை என்றுதான் இன்றும் நான் நினைக்கிறேன்.

கம்பெனியிலிருந்து வருகிற மாருதி எஞ்சினுக்கு நாற்பது குதிரைத் திறன்கூடக் கிடையாது. இதை வைத்து என்ன ரேஸ் என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். பவர் குறைவாக இருப்பதுதான் அந்த வண்டியின் பள்ளிக்கூடம். பெரிய எஞ்சின் வண்டியில் வளைவில் தப்புச் செய்தாலும் மிதித்தால் வேகம் திரும்ப வந்துவிடும். ஃபார்முலா மாருதியில் வளைவில் விட்ட வேகம் அடுத்த நேர்பாதை முழுக்கத் திரும்பாது. பிரேக்கைத் தேவைக்கு மேல் ஒரு துளி பிடித்தாலும் பக்கத்து வண்டி போய்விடும். நேர்பாதையில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றை அவர் கிழிக்க விட்டுக் கடைசியில் வெளியே இழுத்து முந்துவதுதான் வழி. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் வித்தியாசம் இரண்டே இடத்தில்: ஓட்டுகிறவரிடம், செட்டிங்கில், அதாவது டயர் காற்று, சக்கரச் சாய்மானம் மாதிரி விஷயங்களில். செட்டிங் எங்கள் கையில். அதைச் சரியாக வைக்க எங்களுக்கு அவர் சொல் வேண்டும்.

அதற்குள் ரேஸ் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது. கிளப்பே இடம் வாங்கி, ரேஸுக்கென்றே கட்டிய களம். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. லாரியில் வண்டியை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி கிளம்புவோம். சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் போனால் சென்னைக்குள் நுழையாமலே களத்தில் இறங்கிவிடலாம். பல தடவை டிரைவரும் எங்களோடு லாரி முன்சீட்டில்தான் வருவார்.

ஓட்டியவர்கள் யாரும் இதில் சம்பாதிக்கவில்லை. ஒருத்தர் மில்லில் குடும்பப் பொறுப்பு, ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பொறியியல் கல்லூரி மாணவர், ஒருத்தருக்கு ஈரோட்டில் லாரி பார்ட்ஸ் கடை. கிடைக்கிற பரிசு அடுத்த செட் டயருக்குக் காணாது. திங்கட்கிழமை எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

அந்த ஈரோட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரைவிட வேகமாக ஓட்டியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். அவரைப்போல் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மேஸ்திரி குனிந்து எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "வண்டி என்னங்க சொல்லுது, தம்பி?"

"மூணாவது வளைவுங்ணா. பிரேக்கை விட்டுத் திருப்பறப்போ நல்லா வருது. நடுவுலயும் பிரச்சினை இல்லை. ஆக்சிலரேட்டர் மிதிச்ச உடனே மூக்கு வெளிய ஓடுது. அதுவும் மொத ரவுண்டுல இல்லீங்ணா, நாலாவது ரவுண்டுல இருந்து."

மூக்கு வெளியே ஓடுவது என்றால், திருப்பிய பக்கம் வராமல் வண்டியின் முன்பக்கம் வளைவுக்கு வெளியே நழுவுவது. இந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு மெக்கானிக்குக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்பது முதல் கேள்வி. டயர் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா என்பது அடுத்தது. மேஸ்திரி உடனே முன்டயர் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடம். வெளிவிளிம்பு மட்டும் கொதித்தால் சக்கரத்தின் சாய்மானம் பத்தவில்லை. நடு கொதித்தால் காற்று அதிகம், டயர் நடுவில் மட்டும் ரோட்டைப் பிடிக்கிறது. அன்றைக்கு நடுதான் கொதித்தது. ஓடச் சூடேறி, காற்று விரிந்து, நாலாவது ரவுண்டில் பிடிமானம் போயிருக்கிறது. இரண்டு பவுண்டு இறக்கச் சொன்னார். வேறு எதையும் தொடக்கூடாது என்றும் சொன்னார். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

திரும்ப ஓட்டிவிட்டு வந்தவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "மூக்கு வந்திருச்சுங்ணா. இப்ப பின்னாடி லேசா நடக்குது. இது இருக்கட்டும், எனக்குப் புடிச்சிருக்கு." பின்பக்கம் நழுவுவதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அது தனக்கு வேண்டும் என்றும் சொன்னார் பாருங்கள், அதுதான் அவர்.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர். நல்ல தைரியசாலி, கால் எடுக்கவே மாட்டார். வந்து இறங்கினால் ஒரே வார்த்தை: "பவர் இல்லை." முழு வேகத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டி வரச் சொல்லி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் கம்மி, கறுத்துப் புகை படிந்திருந்தால் ஜாஸ்தி, இளம் பழுப்பாக இருந்தால் சரி. அவர் பிளக் எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும். எந்த இடத்தில் இல்லை, எந்த கியரில் இல்லை என்று மேஸ்திரி கேட்பார். பதில் வராது. அப்புறம் நாங்கள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவோம், கொத்தனார் நூல் கட்டி முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று அளப்போம், டைமிங் பார்ப்போம். ராத்திரி பத்து மணி ஆகிவிடும். பெரும்பாலும் வண்டியில் ஒன்றும் இருக்காது. வளைவில் தேவைக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பி அவரே வேகத்தைத் தின்றுகொண்டிருப்பார். அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

சக்கரம் வெளியே தெரிகிற வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. சாதா கார் ரேஸில் கதவோடு கதவு உரசினால் பெயின்ட் போகும், அவ்வளவுதான். இங்கே டயரோடு டயர் பட்டால் கதை வேறு. முன்னால் போகும் வண்டியின் பின்டயரில், நம் பக்கம் இருக்கிற முகம் மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் முன்டயர் அதைத் தொட்டால் அப்படியே ஏறிவிடும், வண்டி தூக்கி எறியப்படும். அதனால் பக்கத்தில் வருகிறவரை நம்பியாக வேண்டும். அவர் திடீரென்று குறுக்கே இழுக்க மாட்டார், நமக்கு ஒரு வண்டி அகலம் விடுவார் என்ற நம்பிக்கை. அந்தப் பழக்கம் களத்துக்கு வெளியேயும் தொடர்ந்தது. ஒருத்தருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால் அடுத்த ஷெட்டிலிருந்து வரும். போட்டியாளர் என்று யாரும் ஒளித்துவைத்து நான் பார்த்ததில்லை. இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர், நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியர். மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010-ல் போனார். இவர்களை உலகத்துக்குத் தெரியும். இவர்களோடு ஒரே ஷெட்டில் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கடை திறந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. மைதானம் நிறைய வண்டி வேண்டுமென்றால் அவர்களும் வேண்டும்.

எனக்கு இப்போது சொந்த ஒர்க்‌ஷாப். ரேஸ் வேலை இல்லை, ஊர் வண்டிகள்தான். கஸ்டமர் வந்து "முன்னாடி சத்தம் வருதுங்க" என்றால் என் வாயில் முதலில் வருவது மேஸ்திரியின் கேள்விகள். பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா? திருப்பும்போதா, நேராகப் போகும்போதா? காலையில் எடுத்த உடனேயா, கொஞ்ச தூரம் ஓடிய பிறகா? பொறுமையாகக் கேட்டால் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பையன்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ரேஸ் நாளில் போவதுண்டு. போன தடவை ஒரு டீமில், வண்டி வந்து நின்ற உடனே எஞ்சினியர் லேப்டாப்பைத் திறந்தார், ஓட்டிய பையனும் அதையே எட்டிப் பார்த்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்வது பொய் இல்லை, எனக்கு அதில் சண்டையும் இல்லை. ஆனால் திரையைப் பார்த்த பிறகு அவன் என்ன சொன்னாலும் திரை சொன்னதைத்தான் சொல்வான். எஞ்சினியரைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் பையன் சொல்லட்டும், அதைத் தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் லேப்டாப்பைத் திறங்க என்றேன். நல்ல பிள்ளை, மறுப்பு சொல்லவில்லை. அடுத்த செஷன் முடிந்து வண்டி உள்ளே வந்ததும் லேப்டாப்பை மூடியே வைத்துவிட்டு, பேனாவோடு குனிந்து, எந்த வளைவு, எந்த ரவுண்டிலிருந்து என்று அவனிடம் கேட்க ஆரம்பித்தார்.