படுவான்கரையில் ஒரு நெல்மணி

2025 பெப்ரவரி 22, சனி

1787இல் இதே திகதியில் வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டதை இன்று நானும் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு மட்டக்களப்பின் படுவான்கரை வயலுக்கு வந்தேன். என்.ஜி.சி. 3115 என்ற விண்மீன் மண்டலம். இரவு முழுக்க மேகம்.

பெப்ரவரி 23

வானம் வெளித்தது. பக்கத்து வயல் வட்டையில் வெட்டு மிசின் நிற்கவேயில்லை. அதன் விளக்கு ஒருமுறை முகத்தில் அடித்தாலே கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும். தேடித் தேடிக் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 26, சிவராத்திரி

கண்டுவிட்டேன்!

அது இருக்கும் செக்ஸ்டன்ஸ் மங்கலான நட்சத்திரக் கூட்டம். 1679இல் தீயில் எரிந்துபோன தன் கோணமளக்கும் கருவியின் நினைவாக வானியலாளர் ஹெவேலியஸ் வானத்தில் வைத்தது. அதை நம்பித் தேடியதுதான் என் பிழை. வழிகாட்டி மக நட்சத்திரம். கையை நீட்டி, மகத்திலிருந்து நேர் தெற்கே ஒரு சாண். அவ்வளவுதான். இங்கிலாந்தில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ முப்பது பாகைக்கு மேல் ஏறாதது, நமக்குப் பதினொன்றே முக்காலுக்கு உச்சிக்குக் கிட்ட வந்து நிற்கிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து காற்றில் தேவாரம் வந்துகொண்டிருந்தது.

யானைக் காவலுக்கு வந்த பெரியப்பாவைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்து நின்றார்.

"நெல்லுமணி மாதிரிக் கிடக்கு மனே."

சரியாகச் சொன்னார். வில்லை வடிவ விண்மீன் மண்டலம்; நாம் அதை விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம், அதனால் நடு தடித்து இரு முனையும் கூர்ந்து தெரிகிறது. தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. வாயு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, புது நட்சத்திரம் பிறப்பது மிக அரிது. இருப்பவை பெரும்பாலும் முதிர்ந்தவை. நடுவில் ஏறத்தாழ நூறு கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. 1992இல் வானியலாளர்கள் கோர்மெண்டியும் ரிச்ஸ்டோனும் அங்குள்ள நட்சத்திரங்களின் வேகத்தைக் கொண்டு அதைக் கணித்தார்கள். ஒளி வந்து சேர மூன்று கோடி ஆண்டுக்கு மேல்.

"அப்ப அது வேளாண்மை வெட்டி முடிஞ்ச வயல்" என்றார் பெரியப்பா.

படங்களில் எல்லோரும் சுருள் மண்டலங்களைத்தான் தேடுகிறார்கள். எனக்கு இந்த அடங்கிய வெளிச்சம்தான் பிடித்திருக்கிறது. விடியும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மார்ச் 12, மாசி மகம்

நிலா மகத்தோடு நிற்கிறது. ஒரு சாண் கீழே வெறும் வெளிச்சம். 29ஆம் திகதி அமாவாசை. அன்றைக்கு ஒன்பதரை தாண்டியதுமே நெல்மணி உச்சிக்கு வந்துவிடும். பெரியப்பாவும் நித்திரைக்குப் போகாமல் இருப்பார்.