கண்மாய்க் கரையில் சினி மோட்: மெதுவாகப் பறக்கவிட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

டிஜேஐ மினி 2 என்ற சின்ன டிரோனின் ரிமோட்டில், நடுவில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். சினி, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று நிலை. நார்மலில் அதிகபட்ச வேகம் நொடிக்கு 10 மீட்டர், ஸ்போர்ட்டில் 16, சினியில் 6. பலரும் நார்மலிலேயே வைத்து ஓட்டிவிடுகிறார்கள். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருந்த மார்கழி, தை மாதங்களில் நான் சினி மோடை மட்டும் வைத்துப் பழகிப் பார்த்தேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய். ஒரு கரை நெடுக பனைமரம், கிழக்கே மடை, கடைசியில் கலுங்கு. படம் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் தெரிந்துகொண்டது, சினி மோடில் போட்டுவிட்டால் மட்டும் வீடியோ நிதானமாகிவிடாது என்பதுதான். இடது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் முழுதாகத் தள்ளினால் சினியில் டிரோன் நொடிக்கு 30 டிகிரி திரும்பும். கேமராவுக்கு அகலவாக்கில் தெரிவது ஏறக்குறைய 70 டிகிரிதான். அப்படியென்றால் ஒரு பனைமரம் ஃபிரேமின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற இரண்டரை நொடிகூட ஆகாது. நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும்போது மரங்கள் வெட்டி வெட்டிப் போவதுபோல் தெரியும். ஒரு பொருள் ஃபிரேமைக் கடக்க ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவில் பழைய கணக்கு. அதன்படி நொடிக்கு 10 டிகிரிதான் திருப்பலாம். ஸ்டிக்கை மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி அப்படியே பிடித்திருப்பது விரலுக்குக் கஷ்டம். அதனால் ஆப்பில் கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் தாங்கி) அமைப்புகளுக்குள் போய், சினி மோடுக்கான திரும்பும் வேகத்தையே குறைத்து வைத்துவிட்டேன். கேமரா மேலும் கீழும் சாயும் வேகத்தையும் அங்கேயே குறைக்கலாம். மென்மைக்குத் தனி அளவு இருக்கிறது, அதைக் கூட்டிவிட்டேன். எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இந்த மாற்றம்தான்.

அப்புறம் உயரம். மெதுவா வேகமா என்பதை முடிவு செய்வதே உயரம்தான். கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து முன்னால் போனால், போகும் திசையில் ஃபிரேமுக்குள் அடங்கும் தரை, டிரோன் இருக்கும் உயரத்தில் சுமார் 0.8 மடங்கு. 100 மீட்டர் உயரத்தில் அது 80 மீட்டர். சினியின் முழு வேகத்தில் போனாலும் தரையில் ஒரு புள்ளி ஃபிரேமைக் கடக்க 13 நொடி ஆகிறது. பார்க்க இதமாக இருக்கும், சில சமயம் நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். அதே வேகத்தில் 5 மீட்டர் உயரத்தில் போனால் அடங்குவது 4 மீட்டர் தரைதான். ஒரு நொடிக்குள் ஓடிவிடும். தாழப் பறக்கும்போது நொடிக்கு அரை மீட்டர் என்பதே போதுமான வேகம். ஆக, உயரத்தில் இருக்கும்போது நார்மல் மோடே நல்லது. சினி மோடு வேலை செய்யும் இடம் மரத்தலைக்குக் கீழேதான்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன ஷாட் பனைவரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் போவது. நாலு மீட்டர் உயரம், கேமரா மரங்களைப் பார்த்தபடி. முன்னால் இருக்கும் தூர்கள் விறுவிறுவென்று நகர, அவற்றின் இடைவெளியில் தெரியும் தண்ணீர் நிதானமாக நகர, அக்கரை அசையாமலே நிற்கும். காட்சிக்கு ஆழம் வருவது இந்த வித்தியாசத்தில்தான்.

எடிட்டிங்கில் மெதுவாக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 2.7கே தரத்தில் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். டிரோன் நகர்வு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கரையில் போன ஆடுகளும், காற்றில் ஆடிய பனையோலையும், அலையும் சேர்ந்தே மெதுவாகிவிட்டன. மெதுவாகப் பறந்து எடுத்ததில் ஆடு ஆட்டு நடையிலேயே போகிறது, ஓலை தன் போக்கில் சலசலக்கிறது, கேமரா மட்டும் நிதானமாக நகர்கிறது. இரண்டும் ஒன்றே அல்ல.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. சினியில் ஸ்டிக்கை விட்டதும் டிரோன் டக்கென்று நிற்காது. கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். வீடியோவுக்கு அது நல்லது, மரத்துக்குப் பக்கத்தில் ஆபத்து. மினி 2-ல் கீழ்நோக்கிய சென்சார் மட்டும்தான், முன்னாலோ பக்கவாட்டிலோ எதுவும் கிடையாது. அதனால் பக்கவாட்டில் போவதற்கு முன் அந்தப் பாதையை நடந்தே பார்த்துவிடுகிறேன், மின்கம்பி இருக்கிறதா என்று முக்கியமாக. தண்ணீருக்கு மேல் அந்தக் கீழ்ச் சென்சாரையும் நம்ப முடியாது. அலையும் பிரதிபலிப்பும் அதைக் குழப்பும். மூன்று மீட்டருக்குக் கீழே தண்ணீர்மேல் இறக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

எதிர்காற்று பலமாக இருந்தால் சினியில் திரும்பி வருவது இழுபறிதான். யோசிக்காமல் ஸ்போர்ட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பருந்து வட்டமிட்டு நெருங்கினாலும் அதேதான்: ஸ்போர்ட், நேர் மேலே. சினியில் நொடிக்கு 2 மீட்டர்தான் ஏறும், ஸ்போர்ட்டில் 5. நாரைகள் மேயும் மூலைப் பக்கம் நான் போவதே இல்லை; மெதுவாகப் போனாலும் அவை கலைந்துவிடும், அவற்றின் இரை கெடும்.

மெதுவாகப் போனால் பேட்டரி மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில் நிற்பதற்கும் மோட்டார்கள் எடையைத் தூக்கியாக வேண்டும். கம்பெனி சொல்லும் 31 நிமிடமே காற்றில்லாத நேரத்தில் நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் அளந்தது.

வெளிச்சம் பற்றி ஒரு வரி. மினி 2-ன் லென்ஸ் துளை எஃப் 2.8-லேயே நிலையாக இருப்பது. நகர்வு வெட்டாமல் தெரிய ஷட்டரை 1/60 நொடிக்கு இறக்க வேண்டும்; அதற்கு வெயிலில், ஒளியைக் குறைக்கும் என்டி 32 அல்லது 64 ஃபில்டர் தேவை.

சட்டப்படி, 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை; மினி 2-வும் அதில்தான் வரும். பொழுதுபோக்குக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்து மடையைச் சுற்றி ஒரு முழு வட்டம் கையாலேயே எடுக்கப் போகிறேன். 15 மீட்டர் தள்ளி நின்று நொடிக்கு 10 டிகிரி திரும்பினால், பக்கவாட்டில் நொடிக்கு 2.6 மீட்டர் போக வேண்டும். வட்டம் முடிய 36 நொடி. இரண்டு ஸ்டிக்கும் எதிரெதிர்த் திசையில், அழுத்தம் மாறாமல் நிற்க வேண்டும். இப்போதைக்குப் பாதி வட்டம் வரை ஆடாமல் வருகிறது.