நடு ஷீட்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எங்கள் தொழிற்சாலையில் கழிவுப் பெட்டிகள் நிரம்ப ஆரம்பிக்கும். மதுரைக்கு அருகே கப்பலூர் தொழிற்பேட்டையில், வண்டிகளின் சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்கிறோம். காலையில் அரைத்த காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, மோல்டுக்குள் நன்றாக ஓடும். பிற்பகலில் அரைத்தது பாதி வழியிலேயே இறுகி, மூலைகள் நிரம்பாமல் நின்றுவிடும். ரப்பர்காரர்கள் இதை ஸ்கார்ச் என்போம். தரக்கட்டுப்பாட்டில் இருந்த ஒன்பது ஆண்டுகளும் காரணம் என்ற கட்டத்தில் ‘வெயில்’ என்றே எழுதினேன். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கொஞ்சம் கூட்டுவோம், ஜூலையில் புகார் நிற்கும், கோப்பை மூடிவிடுவோம்.

அந்தக் கோப்பைத் திறந்து வைப்பதற்காகத்தான் 2023-ல் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. வேலையில் இருப்பவர் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். பிரான்சில் 1981 முதல் ‘சிஃப்ர்’ என்றொரு திட்டம் இருக்கிறது. அங்கே நிறுவனமே ஆய்வாளரை ஆய்வுக்கென்று வேலைக்கு எடுக்கும், அரசு மானியம் தரும். என் நிலை வேறு. எட்டு மணி நேரம் தொழிற்சாலைக்கு, மிச்சம்தான் ஆய்வுக்கு. திருப்பரங்குன்றம் தாண்டும் மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு கட்டுரையைப் படித்துவிடலாம்.

முதல் கூட்டத்தில் என் அட்டவணைகளையெல்லாம் நெறியாளர் பொறுமையாகப் பார்த்தார். கலவை எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று அளக்கும் ரியோமீட்டர் சோதனையில் பிற்பகல் காம்பவுண்டும் தேறியிருந்தது. “சோதனைக்கான துண்டை எங்கிருந்து வெட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். மில்லின் உருளைகளில் அரைத்த ரப்பரை ஷீட் ஷீட்டாக எடுத்து அடுக்கி வைப்போம்; அந்த அடுக்கின் மேல் ஷீட்டிலிருந்து என்றேன். “ஏன் மேல் ஷீட்?” என்றார். எட்டுவதற்கு எளிது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

மறுநாள் பிற்பகல் மில்லிலிருந்து இறங்கிய அடுக்கின் பக்கத்திலேயே நின்றேன். சிறிது நேரத்தில் மேல் ஷீட் ஆறிவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து நடுவிலிருந்து ஒன்றை உருவியபோது கையில் பிடிக்க முடியவில்லை. ரப்பருக்குள் அதை இறுகவைக்கும் கந்தகமும், அந்த வேலையை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்த நிமிடம் முதல் அதன் பொறுமைக்கு ஒரு கையிருப்புதான். அரைக்கும்போது பட்ட சூடு, அடுக்கில் பட்ட சூடு, தகரக் கூரையின் கீழ் காத்திருந்தபோது பட்ட சூடு எல்லாம் அதிலிருந்தே கழிகின்றன. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கல்லூரியில் படித்ததுதான். நடு ஷீட் தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தது, நான் மேல் ஷீட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஷிஃப்ட் ஏன் தப்பித்தது? குளிர்ச்சி ஒரு காரணம். இன்னொரு காரணம், மில் ஓட்டும் அண்ணன். வயதைக் கருதி அவருக்கு எப்போதும் காலை ஷிஃப்ட். அவர் ஷீட்டைச் சூட்டோடு அடுக்குவதே இல்லை. கம்பியில் வேட்டி உலர்த்துவதுபோல இடைவெளி விட்டுத் தொங்கவிடுவார், புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுக்குவார். “ஏன் அண்ணே?” என்று கேட்டேன். “சூட்டோடு அடுக்கினால் உள்ளே வெந்துபோகும் தம்பி, இட்லி மாதிரி” என்றார். எங்கள் வேலைக் குறிப்பேட்டில் இது ஒரு வரிகூட இல்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

ஆய்வின் கடினமான பகுதி வேறிடத்தில் வந்தது. கலவை விகிதம் முதலாளியின் சொத்து, அதை வெளியிட அவர் சம்மதிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கலவையைச் சொல்லாத கட்டுரையை இன்னொருவர் சரிபார்க்க முடியாது, சரிபார்க்க முடியாதது அறிவியலும் ஆகாது. சில மாதங்கள் இதிலேயே போயின. கடைசியில் இயற்கை ரப்பர் நூறு பங்கு, கார்பன் பிளாக், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், கந்தகம், ஆக்சிலரேட்டர் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுபோன்ற எளிய கலவையை எடுத்துச் சோதனைகளை முதலிலிருந்து செய்தேன். நடு ஷீட் அதிலும் அப்படியே நடந்துகொண்டது. இப்படித் திரும்பச் செய்ததை இழப்பாக நான் நினைக்கவில்லை. எங்கள் கூரைக்குக் கீழே மட்டும் உண்மையாக இருந்த ஒன்று மற்றவர்களுக்கும் உதவும் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

இப்போது பிற்பகல் ஷிஃப்டிலும் கம்பிகள் கட்டியிருக்கிறோம். சோதனைத் துண்டை நடுவிலிருந்து வெட்டுகிறோம். ஆய்வேட்டில் அண்ணனை நன்றியுரையில் மட்டும் குறிப்பிடுவது போதாது என்று எனக்குத் தோன்றியது. ஷீட்டைத் தொங்கவிடும் முறை மூன்றாம் இயலில் வருகிறது. அது யாருடைய முறை என்பதை அங்கேயே, அவர் பெயரோடு எழுதியிருக்கிறேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்திய நெறியாளர் அந்த வரியைத் தொடவில்லை.