வலது கைக்கு ஒரு ரப்பர் வளையம்

தாம்பரத்தில் காலை 4 மணிக்குக் கிளம்பினால், உளுந்தூர்பேட்டையில் காபிக்கு நிறுத்தும்போதே என் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கும். டம்ளரின் சூடு அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் தெரியாது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்விடுவேன். அங்கே இருக்கிற இரண்டு நாளும் ஆஸ்பத்திரி, கடைவீதி, சொந்தக்காரர் வீடு என்று வண்டி இல்லாமல் ஆகாது. அதனால் என் 150 சிசி பைக்கிலேயே போய்ப் பழகிவிட்டேன். முதுகுவலிக்கு நிறுத்தி நடந்தால் சரியாகிவிடுகிறது. இந்த வலது கை மட்டும்தான் பல வருடமாகத் தீராத தொல்லையாக இருந்தது.

ஐந்தாவது கியர் போட்டுவிட்டால் இடது கைக்கு வேலை இல்லை. தொடையில் வைத்துக்கொள்ளலாம், விரல்களை நீட்டி மடக்கலாம். வலது கைக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆக்சிலேட்டர் கேபிளின் மறுமுனையில், கார்புரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ, ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. கையை எடுத்ததும் எஞ்சின் அடங்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. நம் உயிரைக் காக்கிற ஸ்பிரிங். ஆனால் ஒன்பது மணி நேரமும் அதை எதிர்த்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பது நம் மணிக்கட்டு. பிடி இறுக இறுக, உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமாகப் போகிற நரம்பு அழுந்துகிறது. முதலில் அந்த இரண்டு விரல்கள் மரத்துப்போவது அதனால்தான்.

அப்பாவின் பழைய கியர் ஸ்கூட்டரில் கேபிள் இறுக்கத்திலேயே ஆக்சிலேட்டர் விட்ட இடத்தில் நிற்கும். பழைய பிரிட்டிஷ் பைக்குகளிலோ கைப்பிடியின் உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகே வைத்திருந்தார்கள். இப்போதைய சாதாரண வண்டிகளில் அது இல்லை. நாமே ஏதாவது செய்துகொண்டால்தான் உண்டு.

நான் முதலில் செய்தது தப்பான ஒன்று. அதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் முதலில் செய்வது அதைத்தான். வயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, கேபிள் டை, அதில் அகலமான ஒன்றை ஆக்சிலேட்டர் கிரிப்பில் சுற்றி இறுக்கி, மிச்சம் இருக்கும் வாலை நறுக்காமல், முன் பிரேக் லிவரின் மேல் படுக்கிற மாதிரி விட்டேன். ஸ்பிரிங் ஆக்சிலேட்டரைத் திருப்பப் பார்க்கும்போது அந்த வால் லிவரில் முட்டி நின்றுவிடும். விராலிமலை வரை சொர்க்கம் போல இருந்தது. துவரங்குறிச்சி தாண்டி, சாலையின் நடுத்தடுப்பில் இடைவெளி விட்ட ஓர் இடத்தில் ஆட்டு மந்தை ஏறியது. முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. நானும் லிவரைப் பிடித்தேன். கேபிள் டையின் வால் என் விரலுக்கும் லிவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டரைத் திருப்பினால் திரும்பவில்லை. ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது, இன்னொரு பக்கம் எஞ்சின் இழுக்கிறது. இடது கை தானாகவே கிளட்சைப் பிடித்தது. எஞ்சின் அலறிய அலறலில் ஆடுகள் சிதறின. கட்டைவிரலால் எஞ்சினை அணைக்கிற கில் சுவிட்சைத் தட்டினேன். லாரிக்குப் பின்னால் ஒரு ஆள் நீளம்தான் மிச்சம் இருந்தது.

அங்கேயே ஓரம் கட்டி, கட்டிங் பிளேயரால் அதை நறுக்கிப் போட்டேன். கை நடுக்கம் மேலூர் வரை நிற்கவில்லை.

ஆக்சிலேட்டரைப் பிடித்து வைக்கிற எதுவும் பிரேக் லிவரைத் தொடக்கூடாது. அது பூட்டாக இருக்கக்கூடாது, வெறும் உராய்வாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை விட ஒரு பிடி அதிகம், என் இரண்டு விரல்களை விட ரொம்பக் குறைவு. இந்த இரண்டிலும் நான் இப்போது துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். மோட்டார் பம்ப் உதிரிபாகம் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆக்சிலேட்டர் கிரிப்பின் நுனிக்கும் ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைக்கட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். என் வண்டியில் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிரிப் சுற்றும், எடைக்கட்டை சுற்றாது. 3 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் வளையத்தை அந்த இடைவெளியில் உருட்டி விட்டால், சுற்றுவதும் சுற்றாததும் அந்த ரப்பர் வழியாக ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். வேண்டாதபோது வளையம் கிரிப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வேண்டும்போது ஒரு விரலால் வெளிப்பக்கம் உருட்டினால் இடைவெளியில் இறங்கிவிடும். உள்விட்டம் கிரிப்பை விடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். மூன்று அளவில் வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். மூன்றும் சேர்த்து ஒரு டீக்காசு கூட ஆகவில்லை.

ஊரில் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் வளையத்தைப் பார்க்கவே இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுவிட்டு, அது திரும்புகிற சத்தத்தைக் கேட்டார்.

"கேபிளு காய்ஞ்சு கெடக்கு தம்பி. மொதல்ல இதுக்கு ஆயில் விடுங்க. ரிங்கு அப்புறம் போடலாம்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஆயில் விட்ட பிறகுதான் புரிந்தது. காய்ந்த கேபிளே பாதி உராய்வைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் வளையமும் சேர்ந்திருந்தால், ஒரு நாள் இரண்டும் கூடி ஆக்சிலேட்டரை அப்படியே நிறுத்தியிருக்கும். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் ராத்திரி வளையத்தைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலை முழுக்க இடதுபக்கம், முழுக்க வலதுபக்கம் திருப்பி, இரண்டு நிலையிலும் ஆக்சிலேட்டர் 'டக்'கென்று திரும்புகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் வளையத்தைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமலே முறுக்கிவிட்டு, இரண்டு விரலால் மூடிப் பார்க்கிறேன். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அந்த வளையம் குப்பைக்குத்தான்.

சாலையிலும் அதை இறக்குகிற இடங்கள் குறைவு. பெரம்பலூரைத் தாண்டிக் காலியாகக் கிடக்கும் நேர்சாலை ஒன்று. சாத்தூரை ஒட்டிய கரிசல் வெளி இன்னொன்று. அங்கேயும் கை கிரிப்பை விட்டு விலகுவதில்லை. உள்ளங்கை மேலேயே இருக்கும், விரல்களை மட்டும் பத்துப் பதினைந்து விநாடி நீட்டி உதறுவேன். மரத்துப்போகாமல் இருக்க அது போதும். மழை, இருட்டு, ஊருக்குள் நுழைகிற இடம், பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வளையம் கிரிப்பிலேயே கிடக்கும். கயத்தாறு பக்கம் போனால் தொடவே மாட்டேன். காற்றாலை வைக்கிற அளவுக்குக் காற்று அடிக்கிற ஊர் அது. பக்கவாட்டில் தள்ளும்போது ஆக்சிலேட்டர் முழுக்க என் கையில் இருக்க வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு மனைவி தன் ஸ்கூட்டருக்கும் ஒன்று கேட்டாள். தினமும் ஒரகடம் போய் வருகிறாள், அவளுக்கும் மணிக்கட்டு வலி. நான் போட்டுத் தரவில்லை. துவரங்குறிச்சியில் என்னைக் காப்பாற்றியது கிளட்ச். ஸ்கூட்டரில் பிடிப்பதற்குக் கிளட்சே இல்லை. ஆக்சிலேட்டர் திரும்பாமல் நின்றுபோனால் எஞ்சின் சக்கரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அதற்குப் பதிலாக உள்ளங்கைத் தாங்கி ஒன்று செய்தேன். 50 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதை ஓரிடத்தில் பிளந்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பைப் இளகிவிடும், நெருப்பில் காட்டி நச்சுப்புகை கிளப்பத் தேவையில்லை. இளகியதை இடுக்கியால் எடுத்து, துணியைப் பிடித்துக்கொண்டு, 32 மில்லிமீட்டர் பைப் ஒன்றின் மேல் இறுக்கச் சுற்றினேன். மிஞ்சிய இரண்டு அங்குலத்தைத் தட்டையாக நீட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆறியதும் அது கிரிப்பில் கவ்வி உட்கார்ந்துகொண்டது. உள்ளே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று வைத்ததில் நழுவவும் இல்லை. அந்தத் தட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போதும், விரலால் இறுக்க வேண்டாம். கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும்.

முதல் நாள் சாயங்காலம் வந்ததும், சிக்னலில் நிற்கும்போது கை பட்டு வண்டி முன்னால் துள்ளியது என்றாள். தட்டையை ஒரு விரல் அகலத்துக்குக் கீழே திருப்பி வைத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். இப்போது படப்பை நெரிசலுக்கு முன்னால் அவளே அதை முழுக்கக் கீழே தள்ளிவிட்டு, தாண்டியதும் மேலே ஏற்றிக்கொள்கிறாள்.