ஊருக்கே போய்ப் படிக்கும் பொருளாதாரம்

சென்னையில் பி.ஏ. பொருளாதாரம், மூன்றாம் ஆண்டு. தேவை, அளிப்பு வளைகோடுகளைவிட என்னைப் பிடித்து இழுத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர், மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரித்து எழுதச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், செய்யாறு பக்கத்துத் தூசி ஆகிய ஊர்கள் எல்லாம் அப்படித்தான் ஏட்டில் ஏறின. 1930-களில் அதே ஊர்களில் மறு ஆய்வும் நடந்தது.

சராசரிக் கூலியைப் பாடநூலில் படிப்பது வேறு. நாற்று நடும் பெரியம்மாவிடம், "போன வருஷம் எத்தனை நாள் வேலை கிடைத்தது?" என்று கேட்பது வேறு. அவர் சொல்லும் பதிலில் மழை, வட்டி, மகளின் கல்யாணம் எல்லாம் சேர்ந்தே வரும். முதலாம் ஆண்டிலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். பொங்கல் விடுமுறைக்கு வினாநிரலோடுதான் ஊருக்குப் போகிறேன்.