அந்த அரை ஆள்

ஒரு கேட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் செக்யூரிட்டி நிற்க எத்தனை பேர் வேண்டும்? எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் மூன்று பேர் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் மூன்றரை. ஆளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டே, ஆறு நாள் வேலை பார்ப்பவரை வைத்து ஏழு நாள் ஓட்ட முடியாது. அந்த அரை ஆளை எங்கள் தொழிலில் ரிலீவர் என்போம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கட்டடங்களின் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பார்ப்பது என் வேலை. கொட்டேஷனைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது அவரைத்தான். பெரும்பாலும் இருக்க மாட்டார்.

லிஃப்ட், சில்லர் (ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்), ஜெனரேட்டர் ஒப்பந்தங்களில் பேரம் பேசுவதில் ஒரு சுகம் உண்டு. ‘உதிரிபாகங்கள் உட்பட’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் கம்ப்ரஸர் சேராது என்றிருப்பார்கள். அதை உள்ளே இழுக்க ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம். ஆள் ஒப்பந்தத்தில் அந்த வேலை நடக்காது. சம்பளம் அரசு சொன்ன குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அதன் மேல் முதலாளி பங்காக பி.எஃப்., நிர்வாகக் கட்டணமெல்லாம் சேர்த்து 13 சதவீதம், மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இவை இரண்டுமே கிட்டத்தட்ட 2,440 ரூபாய். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். அப்புறம் விடுப்புச் சம்பளம், சீருடை. கடைசி வரியில் இருக்கும் சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான் கான்ட்ராக்டர் கையில் நிற்கும் காசு. அவர் 10 சதவீதம் கேட்பார், பர்ச்சேஸில் 3-க்கு இழுப்பார்கள். சம்பளத்தை அவர் மாதம் பிறந்து ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், நம் பில் பணமோ இரண்டு மாதம் கழித்துப் போகும். அந்த 3 சதவீதம் வட்டிக்கே காணாது.

“குறைக்கச் சொன்னீங்க, குறைச்சுட்டேன் சார். எங்கேன்னு மட்டும் கேட்காதீங்க” என்றார் ஒரு கான்ட்ராக்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

எங்கே என்பது மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், தெரியும். இரவு ஷிஃப்டில் ஒரு பெயர், காலை ஷிஃப்டில் வேறொரு பெயர். கையெழுத்து மட்டும் ஒன்று, ‘ழ’வின் வால் ஒரே மாதிரி சுழித்திருக்கும். கேட்டுக்குப் போனால் விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் கண் சிவந்து நிற்கிறார். கழுவிய டிபன் டப்பா நாற்காலிக் காலடியில் கவிழ்ந்து கிடக்கிறது. “ரிலீவர் வரல சார், கன்டினியூ பண்ணிட்டேன்” என்கிறார். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். இவருக்குக் கிடைப்பது ஒற்றைக் கூலி, அதுவும் கையில் ரொக்கமாக, பி.எஃப். இல்லாமல். புகார் எழுதலாமா என்றால் பதறுகிறார். “டபுள் டூட்டியை நிறுத்திடாதீங்க சார், பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்.” இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும்.

மேலிடத்தில் கருணை பேசினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கான்ட்ராக்டர் கூலி பாக்கி வைத்தால் அவரை அமர்த்திய நிறுவனமே கொடுத்தாக வேண்டும், பிறகு அவரிடம் கழித்துக்கொள்ளலாம் என்றது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு போகவில்லை. இதைச் சொன்னால் ஃபைனான்ஸில் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்கள்.

அதனால் இப்போது விலைப் படிவத்தை நாங்களே அச்சடித்துக் கொடுக்கிறோம். சம்பளமும் ரிலீவருக்கான தொகையும் நாங்கள் நிரப்பியவை, யாரும் தொட முடியாது. போட்டி சர்வீஸ் சார்ஜில் மட்டும். பில்லோடு பெயர்வாரியான பி.எஃப். சலான் வர வேண்டும், அதை மஸ்டரோடு ஒத்துப் பார்ப்போம். வேறு சைட் ஆட்களின் பெயர்களை நுழைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, ஆனால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பட்டியலையும் சேர்த்துக் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

போன டெண்டரில் ஒருவர் சர்வீஸ் சார்ஜ் 1 சதவீதம் என்று போட்டிருந்தார். ஓரமாக வைத்தேன். ஆகக் குறைந்த விலையை ஏன் தள்ளினீர்கள் என்று பர்ச்சேஸ் மேலாளர் கேட்டார். அந்த 1 சதவீதத்தில் மாதம் எவ்வளவு நிற்கும், இரண்டு மாத வட்டி எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். “சரி, இதை மெயில்ல அனுப்புங்க” என்றார். 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எடுக்கக் கூடாது என்பதை விதியாகவே போடச் சொல்லி அதே மெயிலில் கேட்டிருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை.