எஸ்ஜிஓடி 168: மூன்று வாரம் நின்றுபோன ஃபிட்னஸ் சான்றிதழ்

வேலையில் சேர மெடிக்கல் ஃபிட்னஸ் கேட்டிருந்தார்கள். எக்ஸ்ரே, கண், சர்க்கரை எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. மாட்டியது எல்எஃப்டி என்கிற ஈரல் ரத்தப் பரிசோதனையில்தான். அதில் பார்க்கிற இரண்டு என்சைம்களில் எஸ்ஜிஓடி 168, எஸ்ஜிபிடி 71. அந்த லேபில் இரண்டுக்கும் உச்ச வரம்பு 40. கவுன்ட்டரில் இருந்தவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி "குடிப்பீங்களா?" என்று கேட்டார். நான் தொட்டதே இல்லை என்று சொல்லியும், "லிவரைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார். அந்த அவமானம் இன்னும் உறுத்துகிறது.

பயத்தில் மறுநாளே திரும்பவும் டெஸ்ட் எடுத்தேன். 139. காசுதான் வீண்.

அப்புறம் எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் போனேன். ஈரலுக்காகப் பார்க்கிற மற்ற அளவுகளான பிலிருபினும் ஜிஜிடியும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "புதுசா உடற்பயிற்சி ஏதாவது?" என்று கேட்டார். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்புதான், ஆறு மாதம் கழித்து ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் போட்டிருந்தேன், தொடை வலியில் படி இறங்க முடியவில்லை, ஆனால் அதை எந்தப் படிவமும் கேட்கவில்லையே! தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற சிபிகே என்ற என்சைமைப் பார்க்கச் சொன்னார். சுமார் 200க்குள் இருக்க வேண்டியது 4,000ஐத் தாண்டியிருந்தது.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி ஒரு கீட்டோ அமிலத்தில் மாட்டிவிடுகிற டிரான்ஸ்அமினேஸ் என்சைம்கள். அந்த வேலை ஈரலில் மட்டும் நடப்பதில்லை. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் சிவப்பணுவிலும் இருக்கிறது, தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிந்துவிடும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் ஈரலுடையது என்றாலும் தசையிலும் கொஞ்சம் உண்டு. சாம்பிளில் சிவப்பணு உடைந்தாலும் எஸ்ஜிஓடி ஏறும், அதனால் ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்டுக்கு முந்தைய ஒரு வாரம் கனமான பயிற்சி வேண்டாம். கண் மஞ்சளாக இருந்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ மட்டும் இப்படிக் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு அதே லேபில் எஸ்ஜிஓடி 29, எஸ்ஜிபிடி 38. டாக்டரம்மா கடிதத்தோடு போனால், பதிவு எண் போட்ட சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போன பயணம் அது. மறுநாள் சீலோடு போய், சிபிகே ரிப்போர்ட்டையும் மேலே வைத்து நீட்டினேன். அதே ஆள், ஒரு கேள்வியும் கேட்காமல் 'ஃபிட்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.